மலையை நோக்கிச் சுட்டவர்

1949ஆம் ஆண்டு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள அல்டா என்ற மலைக்கிராமத்தில் ஒரு பீரங்கியை நிறுத்தினார்கள். பிரான்ஸில் வடிவமைக்கப்பட்டு, முதலாம் உலகப் போரில் பேர்பெற்ற 75 மில்லிமீற்றர் வகை. அதை இயக்கியவர்கள் யூட்டா தேசியக் காவல் படையினர். குறி, எதிரே பனி குவிந்து கிடந்த மலைச்சரிவு. அங்கே எதிரி இல்லை, வீடு இல்லை, ஒரு ஆடு மாடுகூட இல்லை. கீழே வீதியில் யாரும் சாகக்கூடாது என்பதற்காகவே அந்த ஷெல் அடிக்கப்பட்டது.

கொழும்புத்துறையில் வளர்ந்த எனக்கு இந்தக் கடைசி வசனத்தை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது எனக்கு ஐந்து வயது. 2000 மே மாதம் சண்டை எங்கள் கரைவரை வந்தபோது பத்து வயது. புறப்படும் சத்தத்துக்கும் விழும் சத்தத்துக்கும் நடுவே எண்ணப் பழகிய தலைமுறை நாங்கள். ஆட்களைக் காப்பாற்றுவதற்காக ஆட்லறி அடித்தார்கள் என்று யாராவது சொன்னால், எந்தத் தரப்பு அப்படி அறிக்கை விட்டது என்றுதான் முதலில் கேட்போம்.

ஆனால் அந்தப் பீரங்கியை மலைக்குக் கொண்டுவரச் செய்தவரின் கதை வேறு. அவரும் போரில் காயப்பட்டவர். பெயர் மொன்ட்கொமரி அட்வாட்டர். மொன்டி என்று அழைப்பார்கள். அவரைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் கனடாவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன். அது பின்னால் வரும்.

அட்வாட்டர் 1904இல் ஒரிகன் மாநிலத்தில் பிறந்தார். தகப்பன் சுரங்கப் பொறியியலாளர். தாய் மேரி மெய்க்ஸ் அட்வாட்டர் மகனைவிடப் புகழ் பெற்றவர் என்றுகூடச் சொல்லலாம். அழிந்துகொண்டிருந்த அமெரிக்கக் கைத்தறி நெசவை மீட்டெடுத்த பெண்மணி என்று நெசவுக்காரர்கள் இன்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள். மொன்டானாவில் பேசின் என்ற சிறிய சுரங்க ஊரில் இருந்தபடி பழைய நெசவுக் கோலங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, எழுதி, தபால் வழியே மற்றப் பெண்களுக்குக் கற்பித்தவர். சிதறிக் கிடப்பதைப் பொறுமையாகப் பதிந்து வைக்கும் பழக்கம் மகனுக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

மகன் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் படித்தார். படித்தவர் நகரத்தில் தங்கவில்லை. மலைக்கே திரும்பி, சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதினார். காட்டுத் தீயை அணைப்பவர்கள், காட்டு அதிகாரிகள், பனிச்சறுக்கு வீரர்கள் என்று போகும் கதைகள். எழுதிப் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும் என்பதால் இந்தப் பகுதியை நான் அக்கறையோடு படித்தேன். பனிச்சரிவு பற்றிய அவருடைய தொழில்நுட்ப எழுத்து ஏன் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதிப் பழகிய கை அது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா மலைப்போருக்கென்று 10ஆவது மலைப் படைப்பிரிவை உருவாக்கியது. அட்வாட்டர் அதில் சேர்ந்து பனிச்சறுக்கும் குளிர்காலப் போர்முறையும் கற்பித்தார். பிறகு ஐரோப்பியக் களத்துக்குப் போய்க் காயப்பட்டார். 1945இல் படையில் இருந்து வெளியே வந்தபோது நாற்பதைக் கடந்த, காயம் ஆறிய, நிரந்தர வேலை இல்லாத மனிதர். அரச வனத் திணைக்களம் அல்டாவில் ஒரு வேலை கொடுத்தது. பனிக் காவலர் என்று அதைச் சொல்லலாம்.

அல்டா 1870களில் வெள்ளிச் சுரங்கத்தால் எழுந்த ஊர். சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவும் அடுப்பெரிக்கவும் சரிவில் நின்ற மரங்களை எல்லாம் வெட்டினார்கள். மரம் நின்றவரை பனியைச் சரிவிலே பிடித்து வைத்திருந்தது. மரம் போனதும் பனி இறங்கி வந்தது. சில குளிர்காலங்களுக்குள் டசின் கணக்கில் ஆட்கள் புதையுண்டார்கள். பங்கருக்கும் காவலரணுக்கும் எங்கள் பனைகளைத் தறித்த காலத்தைக் கண்டவர்களுக்கு, மரம் போன பிறகு ஒரு நிலம் எப்படி மாறுகிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சுரங்கம் நொடித்து ஊர் வெறிச்சோடியது. 1930களின் கடைசியில் பனிச்சறுக்கு விளையாட்டு அங்கே வந்தது. லிஃப்ட் போட்டார்கள், விடுதி கட்டினார்கள். போர் முடிந்ததும் கூட்டம் பெருகியது. ஊருக்குப் போக ஒரே ஒரு வீதி. அந்த வீதியின் தலைக்கு மேலே வரிசையாகச் சரிவுகள்.

அட்வாட்டர் வேலையை ஏற்றபோது, எந்தச் சரிவு எப்போது இறங்கும் என்று சொல்ல அமெரிக்காவில் ஒரு துறையே இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் தாவோஸுக்கு மேலே 1936 முதல் பனி ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் அனுபவசாலிகளின் உள்ளுணர்வு மட்டும்தான். உள்ளுணர்வு பொய் என்று அட்வாட்டர் நினைக்கவில்லை. ஆனால் அது ஆளோடு சேர்ந்து செத்துவிடும். கொப்பியில் எழுதினால் அடுத்தவருக்கும் உதவும். ஆகவே அளக்கத் தொடங்கினார். எவ்வளவு பனி, எத்தனை மணிக்குள், எந்தக் காற்றில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு பாரமாக விழுந்தது, அதன் பிறகு எந்தச் சரிவு இறங்கியது. புயல் புயலாக, குளிர்காலம் குளிர்காலமாக எழுதினார்.

பனியையே காணாத வாசகருக்கு இதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஒரு தட்டில் சீனியைப் பரப்பி, அதன் மேல் இன்னொரு தட்டை வையுங்கள். மெல்லச் சரியுங்கள். ஒரு கட்டம்வரை மேல்தட்டு அசையாது. திடீரென்று முழுத் தட்டாக வழுக்கிப் போகும். மலையில் குளிர்காலம் முழுவதும் பனி படை படையாகச் சேர்கிறது. ஒவ்வொரு படைக்கும் ஒவ்வொரு குணம். அடியில் சீனி போலப் பிடிப்பில்லாத ஒரு படை உருவாகி, மேலே காற்று அள்ளிக் கொட்டிய இறுக்கமான படை வந்துவிட்டால், ஒருவரின் பாரம் போதும், சரிவு முழுவதும் பலகையாக உடைந்து இறங்க. பெரும்பாலும் 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சரிவுகளில்தான் இது நடக்கும். அதைவிடத் தட்டையான சரிவில் பனி நகர மாட்டாது. அதைவிடச் செங்குத்தில் அதிகம் சேர மாட்டாது. பனிச்சறுக்குக்காரர் விரும்பும் சரிவும் அதே பாகைதான்.

அட்வாட்டர் தன் பதிவுகளில் இருந்து பத்துக் காரணிகளைப் பிரித்தெடுத்தார். பழைய பனியின் ஆழம், அதன் மேற்பரப்பு, புதுப்பனியின் அளவு, வகை, அடர்த்தி, விழும் வேகம், அதில் அடங்கிய நீரின் அளவு, அது அமுங்கி இறுகும் விதம், காற்று, வெப்பநிலை. இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு, கண்ணால் கண்டதை அடுத்த ஆள் சரிபார்க்கக்கூடிய பட்டியலாக மாற்றியது பெரிய காரியம். அதிலும் எவ்வளவு பனி விழுந்தது என்பதைவிட எவ்வளவு வேகமாக விழுந்தது என்பதும், காற்று அதை எங்கே கொண்டுபோய்க் குவித்தது என்பதும் முக்கியம் என்று அவர் வற்புறுத்தினார். எங்கள் கரையில் தொழில் செய்கிறவர்கள் வாடையா சோளகமா என்று மட்டும் பார்ப்பதில்லை. எத்தனை நாளாக, எந்தப் பக்கத் தண்ணீரை அள்ளிக் கொண்டுவருகிறது என்றும் பார்ப்பார்கள். அதே புத்திதான்.

ஆபத்தான சரிவைக் கண்டுபிடித்தால் என்ன செய்வது? வீதியை மூடலாம். ஆனால் எத்தனை நாளைக்கு? ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து நாமே அதை இறக்கிவிடுவது இன்னொரு வழி. முதலில் கையால் வெடி வைத்தார்கள். பனிச்சறுக்கில் போய்ச் சரிவின் மேல்விளிம்பை வெட்டிப் பார்த்தார்கள். இரண்டும் காவலரின் உயிரோடு விளையாடுவது. அதனால்தான் பீரங்கி. தூரத்தில் நின்று, புயல் நடுவிலும் இருட்டிலும் முன்பே குறித்து வைத்த அளவுகளின்படி அடிக்கலாம். தொடக்கத்தில் படையினர் மட்டுமே அதைத் தொடலாம் என்று சட்டம் இருந்தது. புயலுக்குப் படை வந்து சேரும்வரை சரிவு காத்திருக்காது என்று அட்வாட்டரும் மேலதிகாரிகளும் வாதாடி, பின்னர் பயிற்சி பெற்ற பனிக் காவலரே இயக்க அனுமதி வாங்கினார்கள்.

சுவிஸில் இதற்கு முன்பே மோட்டார் கொண்டு பனியை இறக்கியிருந்தார்கள். அதற்கும் முன்னே இந்த யுக்தியைக் கண்டுபிடித்தது போர்தான். முதலாம் உலகப் போரில் ஒஸ்ரியாவும் இத்தாலியும் ஆல்ப்ஸ் மலையில் மோதியபோது எதிரியின் தலைக்கு மேல் இருந்த பனியை நோக்கிச் சுட்டார்கள். 1916 டிசம்பரில் அந்த மலைகளில் பனிச்சரிவுகள் ஆயிரக்கணக்கான படையினரை விழுங்கின. அவற்றில் பெரும்பாலானவை தானாகவே இறங்கியவை. மார்மொலாடா மலையில் ஒரே சரிவில் ஒரு முகாமே போனது. அட்வாட்டர் செய்தது அந்த யுக்தியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதுதான். கீழே ஆட்கள் இல்லை என்று உறுதிசெய்த பிறகே சுட வேண்டும். அல்டாவில் இன்றும் அப்படியான நேரங்களில் யாரும் கட்டடத்தை விட்டு வெளியே வரக்கூடாது, மீறினால் தண்டனை. ஊரடங்கு என்று நாங்கள் சொல்வோம். நான் கேள்விப்பட்ட ஊரடங்குகளில் ஆட்களுக்காகவே போடப்பட்ட ஊரடங்கு இது ஒன்றுதான்.

இனி என் அண்ணா. பெரியம்மாவின் மூத்த மகன். 1990களின் நடுவில் கொழும்புத்துறையில் இருந்து போனவர். கனடாவில் கல்கரியில் இருந்து வன்கூவர் பக்கம் பார ஊர்தி ஓட்டுகிறார். அந்த வழியில் றோஜர்ஸ் கணவாய் என்று ஒன்று இருக்கிறது. 1910 மார்ச் 4ஆம் திகதி, முன்பு இறங்கிய ஒரு பனிச்சரிவைத் தண்டவாளத்தில் இருந்து அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது எதிர்ப்பக்கத்தில் இருந்து இன்னொன்று வந்து 58 பேரைக் கொன்ற இடம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஜப்பானில் இருந்து கூலிக்கு வந்தவர்கள். இன்று அதே கணவாயால் நாடு கடக்கும் நெடுஞ்சாலை போகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பனிச்சரிவுப் பாதைகள் வீதியை நோக்கி இருக்கின்றன. 1961 முதல் ஒவ்வொரு குளிர்காலமும் கனேடிய இராணுவம் 105 மில்லிமீற்றர் ஹோவிட்சர்களோடு வந்து தங்கி, பனி வல்லுநர் சொல்லும் சரிவுக்குச் சுடுகிறது.

ஒரு பின்னிரவில் வீதியை மறித்துவிட்டார்கள். அண்ணா வரிசையில் நின்றார். ஏன் மறித்தார்கள் என்று அவருக்குத் தெரியும். பல தடவை நின்ற இடம். ஆனால் அன்றைக்குத்தான் காற்று அவர் பக்கம் இருந்தது. முதல் சத்தம் கேட்டதும் தான் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து கிடந்ததாகச் சொன்னார். எண்ணிக்கொண்டும் இருந்தாராம். முன்னால் நின்ற ஊர்திக்காரர் இறங்கி நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாராம். இதை அண்ணா சிரித்துக்கொண்டுதான் எனக்குச் சொன்னார். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் காது ஊரில்தான் இருக்கிறது தம்பி என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

அட்வாட்டரின் முறையைப் புகழும் கட்டுரைகள் வேகமாகத் தாண்டிப் போகும் ஒரு பக்கம் உண்டு. அடித்த எல்லா ஷெல்லும் வெடிப்பதில்லை. மென்பனிக்குள் விழுந்து கிடக்கும். கோடையில் பனி உருகியதும் புல்லுக்குள் தெரியும். பீரங்கி பாவித்த மலைகளில், வெடிக்காத பொருளைக் கண்டால் தொடாதீர்கள் என்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். முகமாலையால் போய்வரும் எங்களுக்கு அந்தப் பலகை எந்த மொழியில் இருந்தாலும் விளங்கும். 2005 மார்ச்சில் யூட்டாவில் பனிச்சரிவுக்காக அடித்த ஒரு ஷெல் மலையைத் தாண்டிப் பிளசன்ற் குறோவ் என்ற நகரத்தில் ஒரு வீட்டு வளவுக்குள் விழுந்தது. மருந்து கூடிப்போனதுதான் காரணம். வீடுகள் சேதமடைந்தன, நல்ல காலம், ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. துப்பாக்கியை எந்த நோக்கத்துக்குத் திருப்பினாலும் அது துப்பாக்கியின் குணத்தை முழுக்க விட்டுவிடாது. அட்வாட்டரும் இதை அறியாதவர் அல்ல. 1960களின் தொடக்கத்தில், பேஸ்போல் பந்து எறியும் காற்றழுத்த இயந்திரம் ஒன்றைப் பார்த்து, சிறிய வெடிபொருளை எறியும் கருவியாக அதை மாற்றி அமைக்க உழைத்தார். இராணுவத் தளபாடத்தை நம்பியிருக்காமல் தப்பும் வழி தேடியதாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

அண்ணாவின் மகளுக்கு அந்தச் சத்தத்தில் எந்த நினைவும் இல்லை. கல்கரியில் பிறந்தவள். லிஃப்டும் காவலரும் இல்லாத மலைகளில், பனிச்சறுக்கின் அடியில் பிடிப்புத் துணி ஒட்டி நடந்தே ஏறி, பிறகு சறுக்கி இறங்குகிற கூட்டத்தில் ஒருத்தி. றோஜர்ஸ் கணவாய்க்கும் போவாள். அங்கே குளிர்காலத்தில் அனுமதிச்சீட்டு முறை உண்டு. எந்தச் சரிவு அன்றைக்குத் திறப்பு, எது மூடல் என்று ஒவ்வொரு காலையும் அறிவிப்பார்கள். மூடிய சரிவுக்குள் போனால் பனி மட்டுமல்ல, ஷெல்லும் வரலாம். தகப்பன் அவளுக்காகப் பயப்படுகிறார். அவளோ, சித்தப்பா, வசந்தகாலப் பனியை வாசிக்கத் தெரிந்தால் பயமில்லை என்று எனக்குத் தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுத்தாள். பயமில்லை என்பதை நான் ஏற்கவில்லை. வகுப்பு நல்ல வகுப்பு.

குளிர்காலத்தின் ஆபத்து படைகளில் இருக்கிறது என்றால், வசந்தத்தின் ஆபத்து மணிக்கூட்டில் இருக்கிறது. இரவு வானம் தெளிந்திருந்தால் பனி தன் சூட்டை வானத்துக்கு விட்டு மேற்பரப்பு கல்லாக உறையும். விடியற்காலை அதன் மேல் நடந்தால் கால் புதையாது. சரிவும் கட்டுண்டு நிற்கும். வெயில் ஏற முதலில் கிழக்குச் சரிவு இளகும், பிறகு தெற்கு, பிறகு மேற்கு. மேலே ஓரிரு அங்குலம் இளகிய அந்தக் கொஞ்ச நேரம்தான் சறுக்குவதற்கு நல்ல நேரம். அதைத் தாண்டினால் சப்பாத்து கணுக்கால்வரை புதையும், பிறகு முழங்கால்வரை. பாறையடியில் இருந்தும் மரத்தடியில் இருந்தும் பனி உருண்டைகள் தானாக உருளும். அப்போது அந்தச் சரிவிலும் அதன் கீழும் நிற்கக்கூடாது. உருகிய தண்ணீர் பனிக்குள் இறங்கிப் பிடிமானத்தைக் கரைத்துக்கொண்டிருக்கும்.

இரவு முகில் மூடி இருந்தால் கணக்கே வேறு. முகில் போர்வை போலச் சூட்டைப் பிடித்து வைக்கும், பனி உறையாது. விடியும்போதே சரிவு இளகி இருக்கும். அப்படியான நாளில் வீட்டில் இருப்பதே கெட்டித்தனம் என்றாள். மழை பெய்தாலும் அப்படித்தான். நீண்ட குளிருக்குப் பிறகு வரும் முதலாவது பெரிய வெப்ப அலைதான் எல்லாவற்றிலும் மோசம். மாதக்கணக்கில் சும்மா கிடந்த அடிப்படைக்குத் தண்ணீர் முதன்முதலாகப் போய்ச் சேரும் நேரம் அது. விளிம்பில் தொங்கும் பனித் தாழ்வாரங்களும் அந்த நாட்களில்தான் முறியும். ஈரப்பனி உலர்பனியைவிட மெதுவாக வரும் என்று அலட்சியம் செய்யக்கூடாது. அடர்த்தி கூட, நின்றதும் கொங்கிறீற் போல இறுகும். புதைந்தவருக்குக் கால்மணி நேரம் கழிந்தால் பிழைக்கும் வாய்ப்பு விழுந்துவிடுகிறது. அதனால்தான் கூடப் போகிற ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும். மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க நேரம் இல்லை. தோண்டுவது பக்கத்தில் நிற்பவர்தான். பங்கர் இடிந்த வீடுகளில் நாங்கள் கண்டதும் அதைத்தான்.

இங்கே அட்வாட்டரின் பீரங்கிக்கு வேலை குறைவு. நன்றாக ஊறிய ஈரப்பனி வெடியை உறிஞ்சிக்கொண்டு பேசாமல் கிடக்கும். இரண்டு மணித்தியாலம் கழித்துத் தன் பாட்டில் இறங்கும். அதனால் வசந்தத்தில் மிஞ்சுவது அவருடைய மற்றைய வேலை, அந்தக் கொப்பி வேலை. வெப்பமானி, முகில், எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் வெயில். கனடாவில் இன்று மலைப் பகுதிகளுக்கு நாளாந்தம் வெளியாகும் ஐந்து படி ஆபத்து அறிவிப்புக்குப் பின்னால் நிற்பதும் அதே வேலைதான். மலையில் பனிச்சரிவில் சாகிறவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தாங்களோ தங்கள் கூட்டத்தில் ஒருவரோ கிளப்பிய சரிவில்தான் சாகிறார்கள். எங்களுக்கு ஷெல் மற்றவர் அடித்தது. தவிர்க்கும் உரிமை எங்கள் கையில் இருக்கவில்லை. அவளுடைய மலையில் அந்த உரிமை அவள் கையில் இருக்கிறது. தகப்பனுக்கு விளங்காமல் இருப்பது இந்த வித்தியாசம்தான் என்று நினைக்கிறேன். விருப்பப்பட்டு ஆபத்துக்குள் போவது என்பதே அவருக்கு விளங்காத விசயம்.

அட்வாட்டரின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1952இல் வனத் திணைக்களம் வெளியிட்ட பனிச்சரிவுக் கைந்நூல் அவருடைய பதிவுகளில் இருந்து வந்தது. அதே காலத்தில் தாவோஸில் படித்துவிட்டு வந்த எட் லாஷப்பெல் அல்டாவில் சேர்ந்து, பனியின் பௌதிகத்தை அட்வாட்டரின் அனுபவத்தோடு இணைத்தார். 1960இல் கலிபோர்னியாவின் ஸ்குவா பள்ளத்தாக்கில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது பனிச்சரிவுப் பாதுகாப்பு அட்வாட்டரின் பொறுப்பு. பிறகு சிலி நாட்டின் அந்தீஸ் மலையில், 1966 உலகப் போட்டி நடந்த போர்ட்டியோவில் வேலை செய்தார். 1968இல் தன் அனுபவங்களைப் பனிச்சரிவு வேட்டைக்காரர் என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக எழுதினார். தானே ஒரு சரிவில் அகப்பட்டு இழுபட்டதையும் அதில் சொல்கிறார். சிறுவர் சாகசக் கதை எழுதியவரின் கை அந்தப் பக்கங்களில் தெரியும். 1976இல் காலமானார்.

அல்டா வீதிக்கு மேலே இப்போது பீரங்கிக்குப் பதிலாகச் சரிவுகளிலேயே நிரந்தரக் கோபுரங்கள் நட்டு, தூரத்தில் இருந்து இயக்குகிறார்கள். றோஜர்ஸ் கணவாய்க்கு இராணுவம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அண்ணாவின் மகள் பருவகாலத்தில் காலையில் எழுந்ததும் எந்தச் சரிவு திறப்பு, எது மூடல் என்ற அறிவிப்பைத் தன் கூட்டாளிகளுக்கு அனுப்புவாள். இப்போது தகப்பனுக்கும் ஒரு பிரதி போகிறது. மூடல் கூடின நாட்களில் அவர் கணவாய்க்கு இருபது கிலோமீற்றர் முன்னாலேயே பாட்டைச் சத்தமாகப் போட்டுவிடுகிறார்.